நோய், மருத்துவம், மானிடவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பைப் பார்க்க மருத்துவர் இருக்கிறார். மானிடவியலாளருக்கு அங்கே என்ன வேலை?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் மருத்துவம் படிப்பவராக இருப்பார். குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும். நியாயமான எரிச்சல்தான். பதிலை ஒரு தானியக் குதிரிலிருந்து தொடங்குகிறேன்.

எவான்ஸ்-பிரிச்சர்ட் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1920களின் பிற்பகுதியில் அன்றைய சூடானின் தென்பகுதியில் அசாண்டே மக்களிடையே தங்கிப் பார்த்ததை 1937இல் புத்தகமாக வெளியிட்டார். அங்கே குதிர்கள் மரக்கால்களின் மேல் நிற்கும். வெயில் ஏறும் நேரத்தில் ஆட்கள் அதன் நிழலில் ஒதுங்கிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சில சமயம் குதிர் சரிந்து கீழே இருப்பவர்கள் அடிபடுவதும் உண்டு. கறையான் அரித்துத்தான் கால் முறிந்தது என்பது அசாண்டேக்காரருக்கு நன்றாகவே தெரியும். வெயிலுக்கு ஒதுங்கித்தான் ஆட்கள் அங்கே உட்கார்ந்தார்கள் என்பதும் தெரியும். அசாண்டேக்காரரின் கேள்வி இதற்கு அடுத்தது: இத்தனை நாள் நின்ற குதிர், இந்த ஆட்கள் கீழே இருந்த இந்த நேரம் பார்த்து ஏன் சரிந்தது? நாம் 'தற்செயல்' என்று சொல்லி எழுந்து போய்விடுவோம். அவர் சூனியம் என்பார். அதற்கு அவர்களிடம் ஓர் உவமையும் இருக்கிறது. வேட்டையில் விலங்கை முதலில் குத்தியவருக்கும் இரண்டாவதாகக் குத்தியவருக்கும் இறைச்சியில் பங்கு உண்டு. ஒருவரை யானை கொன்றால் யானை முதல் ஈட்டி, சூனியம் இரண்டாவது ஈட்டி.

இப்போது ஒரு மருத்துவமனை அறைக்கு வாருங்கள். ஸ்கேன் படத்தில் கட்டி தெரிகிறது. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எந்த வகை என்று மருத்துவர் விளக்குகிறார். எதிரே இருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்கிறார். முதல் ஈட்டிக்கு மருத்துவரிடம் பதில் இருக்கிறது. இரண்டாவது ஈட்டியைப் பற்றிக் கல்லூரியில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. மானிடவியலாளருக்கு வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது.

நோய் என்றால் நோய்தானே? அதில் எதற்கு வகைபிரிப்பு?

மருத்துவ மானிடவியல் என்ற இத்துறையில் மூன்றைப் பிரித்துப் பேசுவார்கள். திசுவிலும் இரத்தத்திலும் மருத்துவர் காண்பது ஒன்று. அதை 'நோய்' என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு முடியாதவர் படுவது இன்னொன்று. அதற்கு 'நோவு' என்ற பழைய சொல் பொருத்தமாக இருக்கிறது. 'இவர் நோயாளி, இவருக்கு விடுப்பும் கவனிப்பும் உண்டு, இவரைத் திட்டக்கூடாது' என்று சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்வது மூன்றாவது.

மூன்றும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. இரத்த அழுத்தம் எகிறியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். நோய் இருக்கிறது, நோவு இல்லை. அவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதற்கு இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆண்டுக்கணக்கில் உடம்பெல்லாம் வலிக்கிறது என்பவரின் பரிசோதனை முடிவுகள் அத்தனையும் சரியாக இருக்கலாம். நோவு இருக்கிறது, நோய் அகப்படவில்லை. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு சொல்லும்போது அந்த மனிதருக்கு மூன்றாவதும் பறிபோகிறது. நாளை முதல் வீட்டில் அவர் பாசாங்குக்காரர்.

இந்தக் கிளை எப்போது தோன்றியது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் ரிவர்ஸ் மருத்துவர். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினியாவுக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்தவர். முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். எந்த மக்களின் சிகிச்சை முறையும் குருட்டுத்தனமானதன்று, நோய்க்கு என்ன காரணம் என்று நம்புகிறார்களோ அதிலிருந்து அது ஒழுங்காகப் பிறக்கிறது என்பது அவர் வாதம். அது நூலாக வந்தது 1924இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுகாதாரத் திட்டங்கள் நாடு நாடாகப் புறப்பட்டு, பல இடங்களில் மண்ணைக் கவ்வின. ஏன் என்று கேட்க மானிடவியலாளர்களை அழைத்தார்கள். 'மருத்துவ மானிடவியல்' என்ற பெயர் 1960களில் நிலைபெற்றது.

மக்களின் மூடநம்பிக்கைகள்தாம் சுகாதாரத் திட்டங்களுக்குத் தடையா?

எனக்கு மிகவும் அலுத்துப்போன கேள்வி இது. ஆனாலும் இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரு நாட்டில் லாஸ் மோலினோஸ் என்ற சிற்றூர், ஏறக்குறைய இருநூறு குடும்பங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி ஒரு பெண் சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். மனம் மாறிக் கொதிக்கவைக்கத் தொடங்கியவை 11 குடும்பங்கள். எட்வர்ட் வெலின் என்ற மானிடவியலாளர் அந்த ஊரை ஆராய்ந்து 1955இல் எழுதினார்.

அந்த ஊரில் உணவும் நீரும் மருந்தும் சூடு, குளிர்ச்சி என்று பிரிக்கப்பட்டிருந்தன. காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது. ஆகவே அடிக்கடி உடம்புக்கு வரும் ஒரு பெண்மணி ஏற்கெனவே கொதிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தார். கிருமிக்காக இல்லை, தான் நோயாளி என்பதற்காக. இன்னொருவர் மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். ஊரார் அவரை எப்படியும் வெளியாளாகத்தான் பார்த்தார்கள், எனவே ஊர்வழக்கத்தை மீறுவதில் அவருக்கு இழப்பில்லை. பணியாளர் சொன்னதைக் கேட்டார். மூன்றாமவர் மறுத்துவிட்டார். மனிதனே மூழ்கிச் சாகிற நீரில் அத்தனை சிறிய உயிர் எப்படிப் பிழைக்கும், அது என்ன மீனா, கண்ணுக்கே தெரியாத ஒன்று வளர்ந்த ஆளை என்ன செய்துவிடும் என்பது அவருடைய தருக்கம். இதைப் படிக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது. நுண்ணோக்கியைக் கண்ணால் பார்க்காத யாரும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

இந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் 'நம்பிக்கைதான் தடை' என்ற முடிவுக்கு நீங்கள் போய்விடுவீர்கள். ஆகவே இன்னொன்று. பால் ஃபார்மர் மருத்துவர், மானிடவியலாளர் இரண்டுமாக இருந்தவர், 2022இல் காலமானார். அவர் பணிபுரிந்த ஹெய்ட்டியின் மத்தியப் பீடபூமியில் காசநோயாளிகள் சிகிச்சையை முடிக்காமல் இறந்துபோனார்கள். நோய் சூனியத்தால் வருகிறது என்று நம்புவதால் மாத்திரையில் அக்கறை இல்லை என்று மருத்துவமனைப் பணியாளர்களில் ஒரு சாரார் சொன்னார்கள். வறுமைதான் காரணம் என்றது மறுசாரார். 1980களின் இறுதியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு இலவச மருந்து மட்டும். இன்னொரு குழுவுக்கு மருந்தோடு சத்துணவு, மாதாமாதம் கொஞ்சம் பணம், வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர். இரண்டாவது குழுவில் எல்லோரும் குணமானார்கள். முதல் குழுவில் ஏறக்குறையப் பாதிப் பேர். சூனியத்தின் மேல் இருந்த நம்பிக்கை இரண்டு குழுக்களிலும் அப்படியேதான் இருந்தது. சூனியத்தை நம்பிக்கொண்டே மாத்திரையையும் தவறாமல் விழுங்கிக் குணமானார்கள்.

பண்பாடு முக்கியம் என்று சொல்லிப் பிழைக்கிற துறை இது. அந்தத் துறையே 'எல்லாவற்றையும் பண்பாட்டின் தலையில் கட்டாதே' என்று கத்த வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

ஒரு நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க மானிடவியல் உண்மையில் உதவியிருக்கிறதா?

உதவியிருக்கிறது, குரு நோய் அதற்குச் சான்று. நம் 'குரு'வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பப்புவா நியூ கினியாவின் கிழக்கு மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களின் மொழியில் இது நடுக்கத்தைக் குறிக்கும் சொல். நடை தடுமாறும், உடல் நடுங்கும், பிறகு எழுந்திருக்கவே முடியாது, ஓராண்டுக்குள் பெரும்பாலும் மரணம். பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1957இல் கார்ல்டன் கைடுசெக், வின்சென்ட் ஜிகாஸ் என்ற இரு மருத்துவர்கள் இதை மருத்துவ உலகுக்கு விவரித்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்ததால் மரபணு நோய் என்ற கருத்து வலுவாக இருந்தது.

1960களின் தொடக்கத்தில் ஷர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்ற இரு மானிடவியலாளர்கள் அங்கே போனார்கள். அவர்கள் கையில் சோதனைக் குழாய் இல்லை. செய்தது உறவுமுறை கேட்பது: இவர் உனக்கு என்ன வேண்டும், இரத்த உறவா, அழைக்கும் உறவா, உன் ஊரில் இந்த நோயை முதலில் எப்போது பார்த்தாய்? கிடைத்த பதில்கள் மரபணுக் கருத்தை உடைத்தன. முதலாவது, ஒரே குடும்பம் என்று வெளியார் எழுதிவைத்தவர்களில் பலர் இரத்த உறவினர் அல்லர். இரண்டாவது, வயதானவர்களுக்கு நோய் வருவதற்கு முந்தைய காலமும் அது ஊர் ஊராக நகர்ந்து வந்த வழியும் நினைவில் இருந்தன. மூன்றாவது, இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமவழக்கமும் அங்கே அண்மைக் காலத்தில்தான் பரவியது. உண்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நோய் யாரைத் தாக்கியது என்ற பட்டியலும் யார் உண்டார்கள் என்ற பட்டியலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின.

1966இல் சிம்பன்சிகளுக்கு இந்நோய் தொற்றியது நிறுவப்பட்டது. 1976இல் கைடுசெக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று இது பிரியான் என்ற புரதம் உண்டாக்கும் நோய் எனத் தெரியும். வழக்கம் நின்று ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு சிலருக்கு அது தலைகாட்டியது.

'நரமாமிசம்' என்றவுடன் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு அது துக்கச் சடங்கு. அன்புக்குரிய உடலைப் புழுவுக்குக் கொடுப்பதைவிட உறவினர் உடம்புக்குள் வைத்துக்கொள்வது மேல் என்று அவர்கள் கருதினார்கள். ஃபோரே மக்கள் நோய்க்குக் காரணமாகச் சொன்னது சூனியத்தை. பெண்கள் அற்றுப்போகிறார்கள், சூனியக்காரர்கள் நிறுத்த வேண்டும் என்று பொதுக்கூட்டம் கூட்டி முறையிட்டார்கள். தம் சமூகம் அழிந்துகொண்டிருக்கிறது என்ற அவர்கள் கணிப்பு சரியாகவே இருந்தது.

நவீன மருத்துவம் அறிவியல். அதைப் போய்ப் பண்பாடு என்பது சரியா?

இரண்டும்தான். ஒருவர் எப்போது இறந்தார் என்பதைவிட அறிவியலான கேள்வி இருக்க முடியாது என்று தோன்றும். 1968இல் ஹார்வர்டு குழு ஒன்று மூளைச் சாவுக்கு வரையறை வகுத்தது. அமெரிக்காவில் அது பெரிய எதிர்ப்பில்லாமல் வழக்கமானது. அதே 1968இல் ஜப்பானில் முதல் இதய மாற்று அறுவை நடந்தது. இதயம் கொடுத்தவர் உண்மையிலேயே இறந்திருந்தாரா என்ற சந்தேகத்தில் அறுவை மருத்துவர் மேல் கொலைக் குற்ற விசாரணை எழுந்தது, பிறகு கைவிடப்பட்டது. மூளைச் சாவு நிலையிலிருந்து உறுப்பு எடுக்க அனுமதிக்கும் சட்டம் அங்கே 1997இல்தான் வந்தது. அதன்படி நடந்த முதல் இதய மாற்று 1999இல். இடையில் முப்பது ஆண்டுகள். ஜப்பானிடம் கருவிக்கோ திறமைக்கோ பஞ்சமில்லை. மார்கரெட் லாக் என்ற மானிடவியலாளர் இரு நாடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். வென்டிலேட்டரின் துணையோடு மார்பு ஏறி இறங்க, கை கதகதப்பாக இருக்க, அருகில் நிற்கும் குடும்பத்துக்கு இறப்பு ஒரு நொடியில் முடிகிற காரியமில்லை. 'ஆள் என்பது மூளைதான்' என்ற எண்ணத்தை ஸ்கேன் காட்டாது. அது எங்கிருந்தோ ஏற்கெனவே வந்திருக்க வேண்டும்.

நோய்ப்பட்டியலும் அப்படியே. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை 1973இல் நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல். யாருடைய மூளையும் அந்த ஆண்டுகளில் மாறவில்லை.

சில நாடுகளுக்கு மட்டும் உரிய மனநோய்கள் உண்டா?

அப்படி ஒரு பட்டியல் அமெரிக்க மனநலக் கையேட்டின் 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் பின்னிணைப்பாக இருந்தது. லத்தீன் அமெரிக்காவின் 'சுஸ்தோ' அதில் ஒன்று: திடீர் அச்சத்தில் உயிர் உடலை விட்டு விலகி, ஆள் வாடிப்போவது. பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாம் பிறருடைய நோய்கள். உணவு நிரம்பிய நாடுகளில் இளம்பெண்கள் எலும்பும் தோலுமாகும்வரை பட்டினி கிடப்பது ஏன் அதில் சேரவில்லை என்று மானிடவியலாளர்கள் கேட்டார்கள். 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அந்தப் பட்டியலைக் கைவிட்டு, எல்லோருடைய துயரத்துக்கும் பண்பாட்டு வடிவம் உண்டு என்ற பக்கம் நகர்ந்தது. தாமதம்தான்.

மந்திரமும் சடங்கும் குணப்படுத்துமா?

பனாமாவின் கூனா மக்களிடம் கடினமான பிரசவத்தின்போது பாடப்படும் ஒரு நீண்ட பாட்டு உண்டு. பூசாரி தாயின் உடலுக்குள் பயணம் போய் எதிரிகளை வெல்வதாகக் கதை. வலிக்கு ஒரு கதை கிடைத்ததும் உடல் அதைப் பின்தொடர்கிறது என்று 1949இல் பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் விளக்கினார். அழகான விளக்கம். ஒரே சிக்கல், அந்தப் பாட்டின் மொழி சாதாரணக் கூனா மொழி இல்லை; படுத்திருக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு புரிந்திருக்கும் என்பது பின்னால் வந்த மொழியியலாளர்கள் எழுப்பிய கேள்வி.

ஆனால் பொருள், அதாவது அர்த்தம், உடலைத் தொடுகிறது என்பது பொய்யில்லை. மருந்தில்லாத மாத்திரையாலும் வலி குறையும். ஒரு வெற்று மாத்திரையைவிட இரண்டு மேல். மாத்திரையைவிட வெற்று ஊசி மேல். டேனியல் மோர்மன் என்ற மானிடவியலாளர் இதை 'பொருளின் விளைவு' என்கிறார். மாத்திரையில் ஒன்றும் இல்லை, ஆனால் அதைக் கொடுக்கும் கையிலும் வெள்ளை அங்கியிலும் பொருள் இருக்கிறது. வலி, குமட்டல், மனச்சோர்வு போன்றவற்றில் இது நன்றாகத் தெரியும். கட்டியைக் கரைக்குமா, காசநோய்க் கிருமியைக் கொல்லுமா என்றால், கொல்லாது.

அப்படியானால் எல்லா மருத்துவ முறைகளும் சமம் என்கிறீர்களா?

இல்லை. ஒரு முறையைப் புரிந்துகொள்ளும்வரை தீர்ப்பைத் தள்ளிவைப்பது மானிடவியல். தீர்ப்பே கூடாது என்பது சோம்பல். குழந்தைக்கு வாந்திபேதி என்றால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வேலை செய்யும். அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா 11,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவரைக் குளிப்பாட்டும் வழக்கத்தால் தொற்று பரவியது. உடல்களைப் பையில் கட்டி எடுத்துப்போனபோது மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். குடும்பம் பார்க்க, பிரார்த்தனை செய்ய இடம் விட்டு அடக்கமுறையை மாற்றி எழுதிய பிறகே ஒத்துழைப்பு கூடியது. அதில் மானிடவியலாளர்களுக்குப் பங்குண்டு.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2000ஆம் ஆண்டு உகாண்டாவின் குலு பகுதியில் நடந்தது. பாரி ஹியூலெட் என்ற மானிடவியலாளர் அங்கே எபோலாவின்போது அச்சோலி மக்களிடம் விசாரித்தார். தொற்றுநோய்களுக்கென்று அவர்களிடம் ஏற்கெனவே விதிமுறை இருந்தது. நோயாளியைத் தள்ளி ஒரு குடிசையில் வை. வாசலில் நீண்ட யானைப்புல் தண்டு இரண்டை நட்டு அடையாளம் செய். முன்பு அந்நோய் வந்து பிழைத்தவர் மட்டும் உணவு கொடுக்கட்டும். ஊர்விட்டு ஊர் போகாதே. குணமானாலும் ஒரு மாதம் உள்ளேயே இரு. தனிமைப்படுத்தலைக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் கேட்டிருந்தால் அரைநாளில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

மருத்துவர், செவிலியர் இதிலிருந்து நேரடியாக எதை எடுத்துக்கொள்ளலாம்?

1984இல் வெளியான ஓர் ஆய்வு 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவுசெய்து பார்த்தது. நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18ஆவது நொடியில் மருத்துவர் குறுக்கிட்டார். முதலில் அதை நீட்டலாம்.

மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் தம் சகாக்களுடன் 1978இல் சில கேள்விகளை முன்வைத்தார். உங்கள் பார்வையில் இது எதனால் வந்தது? ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது? இது உங்களை என்ன செய்கிறது? எந்தச் சிகிச்சை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இதனால் என்னென்ன தொல்லை? இதில் எது உங்களுக்குப் பெரிய பயம்? ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் என்றால் கடைசியைக் கேளுங்கள் என்பேன்.

பல இடங்களில் இது பின்னாளில் நிரப்பிக் கொடுக்கும் படிவமாகிவிட்டது. இன்ன நாட்டவர் இப்படி நம்புவார், இன்ன மதத்தவர் அப்படிச் செய்வார் என்று பயிற்சிக் கையேடுகள் வந்தன. கிளைன்மனே அதைக் கண்டித்து 2006இல் எழுதியதில் ஒரு மெக்சிகோக்காரரின் கதை வருகிறது. மனைவி எய்ட்ஸால் இறந்துவிட்டார், நான்கு வயது மகனுக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. சொன்ன தேதிகளில் மகனை அவர் கூட்டிவருவதில்லை. நோயைப் பற்றிய அவருடைய பண்பாட்டுப் புரிதலே வேறு என்று மருத்துவர்கள் முடிவுகட்டினார்கள். உட்கார்ந்து பேசிப் பார்த்தால், எச்.ஐ.வி. பற்றியும் சிகிச்சை பற்றியும் அவருக்கு ஏறக்குறைய எல்லாமே சரியாகத் தெரிந்திருந்தது. அவர் பஸ் ஓட்டுநர். சம்பளம் மிகக் குறைவு, வேலை பெரும்பாலும் பின்னிரவு ஷிப்ட். மகனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக அவருக்கு நேரம் இல்லை.